அதே 127 லிட்டர், மூன்று உருவம்: சின்ன ஹாலுக்கு எந்தத் தொட்டி?

சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் 'ரெண்டுக்கு ஒண்ணு' என்று கேட்டால் ஒரு மீன்தொட்டியை எடுத்துத் தருவார்கள். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 57 லிட்டர். எங்கள் பெரம்பூர் வீட்டில் நாலு வருஷம் அதுதான் இருந்தது. பட்டன் அளவில் வாங்கி வந்த நாலு ஏஞ்சல் மீன்கள் வளர்ந்து, ஒன்றின் துடுப்பை இன்னொன்று கடிக்க ஆரம்பித்ததும், சரி, பெரிய தொட்டிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் ஹால் பதினாலுக்குப் பத்து அடிதான். அதற்குள் சோபா, டிவி, பீரோ, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் இருக்கின்றன.

நல்லவேளையாக ரெடிமேட் அளவையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அளவு சொன்னால் கண்ணாடி வெட்டி, சிலிக்கான் போட்டு ஒட்டித் தருகிறார்கள். ஒரு தாளில் மூன்று அளவுகளை எழுதினேன். முதலாவது 36 இன்ச் நீளம், 12 அகலம், 18 உயரம். இரண்டாவது பழைய நீளமே, 24. அகலமும் உயரமும் மட்டும் 18. மூன்றாவது 18-க்கு 18 சதுரத்தில் 24 இன்ச் உயரம். பெருக்கிப் பார்த்தால் மூன்றும் 7,776 கன இன்ச்தான், அதாவது 127 லிட்டர். பழைய தொட்டியைப் போல இரண்டே கால் மடங்கு.

இடம் குறைவு என்றதும் எல்லோரும் உயரத் தொட்டியைத்தான் சொல்வார்கள். 'மேலே போகலாமே சார்' என்றுதான் நான் போன ஒரு கடையிலும் சொன்னார்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் நாலு ஏஞ்சலும் மேலே வந்து, நீர்மட்டத்தோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு திறந்து திறந்து மூடுகின்றன. நானும் மனைவியும் முறை வைத்து, செம்பில் தண்ணீரை மொண்டு அரை அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். அந்த மழையில் கடைக்கு எங்கே போவது?

மோட்டார் ஓடாதபோது தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவது மேற்பரப்பு வழியாக மட்டும்தான். மேலே சொன்ன மூன்றில் முதல் இரண்டுக்கும் மேற்பரப்பு 432 சதுர இன்ச். உயரத் தொட்டிக்கு 324. பழைய சின்னத் தொட்டிக்கே 288 இருந்தது. அதாவது உயரத் தொட்டிக்கு மாறினால் தண்ணீர் இரண்டே கால் மடங்கு ஏறும், அது மூச்சு விடும் வாய் எட்டில் ஒரு பங்குதான் பெரிதாகும். இத்தோடு சென்னை வெயில் வேறு. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 அளவுதான் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் கரண்ட் போனால் உயரத் தொட்டிக்காரர் பாடு திண்டாட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணாடி மேல் தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, லிட்டரைப் பொறுத்ததல்ல. 18 இன்ச்சுக்கு 8 மி.மீ. கண்ணாடி போதும், 24 என்றால் 10 மி.மீ. கேட்டு வாங்குவது நல்லது. அடிமணலில் விழுந்த செடியை நட வேண்டுமென்றால் சட்டையைக் கழற்றிவிட்டு அக்குள் வரை கையை விட வேண்டும். உயரத் தொட்டியை இத்தோடு விட்டுவிட்டேன்.

மூன்றடித் தொட்டி அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. ஜீப்ரா டேனியோ, டைகர் பார்ப் மாதிரி நிற்காமல் ஓடும் மீன் வளர்ப்பவர்களுக்கு நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஓட்டத்துக்கு நீளம் வேண்டும். ஏஞ்சலுக்குமே ஒரு விதத்தில் அது நல்லது: ஜோடி சேர்ந்தவை ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் துரத்தும்போது தப்பி ஓட இடம் இருக்கும். 12 இன்ச் அகலம்தான் என்பதால் நடைபாதை மாதிரியான ஒடுங்கிய இடத்திலும் சுவரோடு ஒட்டி நிற்கும். எங்கள் வீட்டில் மூன்றடி வெற்றுச் சுவர் இல்லை என்பதுதான் பிரச்சினை. இருந்த ஒரே சுவரில் சுவிட்ச்போர்டும் பீரோவும். பீரோவை நகர்த்தலாம் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

இரண்டாவது அளவான 24-க்கு 18-க்கு 18-இன் தொந்தரவு அந்தக் கூடுதல் அரை அடி அகலம். சுவரில் இடம் கேட்காது, நடக்கும் இடத்தைக் கேட்கும். பின்பக்கம் தொங்கும் ஃபில்டர் போட்டால் இன்னும் நாலு இன்ச் போய், 18 என்று நினைத்தது 22 ஆகிவிடும். தொட்டிக்கு வெளியே டப்பா மாதிரி தனியாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரை ஸ்டாண்டுக்குள் வைத்தால் பின்னால் குழாய்க்கு மட்டும் இடம் விட்டால் போதும். பழைய பேப்பரை 24-க்கு 20 வெட்டி, தொட்டி வர வேண்டிய இடத்தில் தரையில் செல்லோடேப் போட்டு ஒட்டி ஒரு வாரம் விட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் பேப்பர் முழுசாக இருக்கிறது, சமையலறைப் பக்க முன்மூலை மட்டும் கிழிந்து போயிருக்கிறது. காபி டம்ளரோடு வரும் எல்லோரும் அந்த மூலையை மிதித்துத்தான் திரும்புகிறார்கள். பேப்பரை ஆறு இன்ச் ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். அப்புறம் கிழியவில்லை. வெயில் நேராக விழுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் ஜன்னலுக்குத் திரை போட வேண்டி வந்தது, அது வேறு செலவு.

இரண்டடுக்கு இரும்பு ஸ்டாண்ட் போட்டு, பழைய தொட்டி மேல் அதே மாதிரி இன்னொன்று வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். குஞ்சு வளர்க்கிறவர்களுக்கும், நோய் வந்த மீனைத் தனியாக வைக்க நினைப்பவர்களுக்கும் சரி. ஆனால் இரண்டும் சேர்ந்து 114 லிட்டர்தான்; ஃபில்டர் இரண்டு, பிளக் இரண்டு, கீழ்த் தொட்டியைச் சுத்தம் செய்யக் குந்தி உட்கார வேண்டும். தவிர, வளர்ந்த ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து ஒரு சாண் உயரம் வரும். ஒரு அடி தொட்டியில் மணல் போக அதற்கு என்ன மிஞ்சும்?

எடை விஷயம். தண்ணீர் 127, கண்ணாடி சுமார் 25, மணல் ஒரு 15 என்று வைத்தால் ஸ்டாண்ட் சேர்க்காமலே 165 கிலோவைத் தாண்டும். வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது இந்தியக் கட்டுமானத் தரக் கணக்கு. தொட்டி நிற்பதோ கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த 200 அறை முழுக்கப் பரவிய சுமைக்கானது என்பதால் பயந்து ஓட வேண்டாம். கீழே பீம் ஓடும் சுவரோரமாக வையுங்கள். பழைய கட்டடம், வெளியே நீட்டிய பால்கனி என்றால் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். வாஸ்துப்படி தண்ணீர் ஈசானிய மூலையில் இருக்க வேண்டும், கனமான பொருள் தென்மேற்கில் இருக்க வேண்டும் என்கிறார் அம்மா. மீன்தொட்டி இரண்டும்தானே என்றேன். அதற்கும் பதில் இல்லை.

ஆக, 24-க்கு 18-க்கு 18. மேல்மாடிக்குத் தூக்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் இடிக்கவில்லை. மூன்றடி என்றால் கைப்பிடிக் கம்பியோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதற்கு முன்பு ஒரு வாளி போதும், இப்போது இரண்டு. மெட்ரோ தண்ணீர் என்பதால் குளோரின் முறிக்கும் மருந்தும் இரட்டிப்பு. பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை மட்டும் அலசாமல் அப்படியே புதுத் தொட்டிக்குள் போட்டேன். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். கேனிஸ்டரில் அவை குடியேற ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை அந்த அழுக்கு ஸ்பாஞ்ச் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. 'புதுத் தொட்டியில் இது எதுக்கு?' என்று கேட்காத விருந்தாளி இல்லை.