உண்டியலில் காசு அனுப்பும் தம்பிமாருக்கு: தங்கச்சியின் கணக்கு முடங்கிக் கிடக்கிறது

டோஹாவில் வேலை செய்கிறேன். ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். தங்கச்சிக்கு வீடு கட்டத்தான் காசு அனுப்பிக்கொண்டிருந்தேன். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு இல்லாமல் மட்டக்களப்பில் கலியாணப் பேச்சே எடுக்க ஏலாது என்று நம்ம ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவர் எழும்பி, கூரை போடுகிற நேரத்தில் தங்கச்சி வங்கியில் இருந்தே கோல் எடுத்தாள்.

"அண்ணா, காசு எடுக்க ஏலாதாம். கணக்கைப் பொலிஸ் நிப்பாட்டியிருக்காம்."

வெள்ளிக்கிழமைகளில் டோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவில் உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றிக் காசு அனுப்புகிற முறைக்கு, ரியால் சேர்க்கிற ஒருவன் இருக்கிறான். நம்ம மாவட்டத்து ஆள்தான். காசு மாற்றி அனுப்புகிற எக்ஸ்சேஞ்சை விட ரியாலுக்கு ஒரு ரூபா கூடத் தருவான். 5,000 ரியால் கொடுத்தால் 5,000 ரூபா கூட வரும். ரசீது கிடையாது. கொப்பியில் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் எழுதிக்கொள்வான், அடுத்த நாள் வங்கிச் சிலிப்பின் படம் வட்ஸ்அப்பில் வந்துவிடும். கேம்பில் பாதிப்பேர் அவனிடம்தான் கொடுக்கிறார்கள்.

தங்கச்சி ஸ்டேட்மென்ட் எடுத்து அனுப்பியபோதுதான் விளங்கியது. நான் ஒரே தரமாகக் கொடுத்த காசு துண்டு துண்டாக, வெவ்வேறு ஊர்க் கிளைகளில் இருந்து, நாங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்களில் வந்திருந்தது. அதில் ஒரு பெயர், ஒன்லைன் வேலை தருவதாகச் சொல்லி யாரோ ஏமாற்றிய ஒரு பெண்ணுடையது. ஏமாற்றியவன் கொடுத்த கணக்கு இலக்கம் என் தங்கச்சியுடையது. அந்தப் பெண் பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கும் காசு போய்விட்டது.

உண்டியலில் நம்ம ரியால் இலங்கைக்கு வருவதே இல்லை. அது அங்கேயே ஒருவன் கையில் நின்றுவிடும். அதற்கு ஈடான ரூபாயை இலங்கையில் வேறொருவன் நம்ம வீட்டுக் கணக்கில் போடுவான். அந்த ரூபா வியாபாரக் காசாக இருக்கலாம், போதைத்தூள் விற்ற காசாக இருக்கலாம், ஏமாற்றிய காசாகவும் இருக்கலாம். பொலிஸின் கண்ணுக்குத் தெரிவது முறைப்பாட்டாளரின் காசு நேராக உங்கட தங்கச்சியிடம் போனது மட்டும்தான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொலிஸ் முதலில் கணக்கை முடக்கலாம். அதை நீடிக்கிற அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

தங்கச்சி கொழும்புக்குப் போய்ப் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தாள். தனியப் போகப் பயந்து அம்மாவையும் கூட்டிப்போனாள். "அண்ணன் அனுப்பினதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் சிலிப் ஒன்று இருந்திருந்தால் அந்த மேசையிலேயே காட்டியிருக்கலாம். எங்களிடம் இருந்தது வட்ஸ்அப் படம். அதிலும் போட்டவர் பெயர் வேறு.

ரியால் சேர்க்கிறவனுக்குக் கோல் எடுத்தேன். "மச்சான் பயப்பிடாத, ரெண்டு நாளையில சரிவரும்" என்றான். பிறகு, "காசு கணக்குக்கு வந்ததுதானே, என்ட பொறுப்பு முடிஞ்சுது" என்றான். இப்போது என் இலக்கத்தை மறித்து வைத்திருக்கிறான். புது இலக்கத்தில் வாழைச்சேனை, அக்கரைப்பற்றுப் பொடியங்களிடம் இன்னும் ரியால் சேர்க்கிறான் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் எங்கே ஊறியது என்பதும் தெரிந்ததே. 2021 கடைசியில் வங்கியில் டொலரை 200 ரூபாயைச் சுற்றிப் பிடித்து வைத்திருந்தார்கள், உண்டியலில் 240 அளவில் கிடைத்தது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. 2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைக்காமல் சந்தை விலைக்கு மிதக்க விட்ட பிறகு அந்தப் பெரிய இடைவெளி போய்விட்டது. இன்றைக்கு ஒரு ரூபாய்க்காகத் தங்கச்சிமாரைப் பொலிஸ் வாசலில் நிறுத்துவது நியாயமில்லை, தம்பிமாரே.

உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்ச் அல்லது வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். சிலிப்பைப் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள், கடதாசியில் மை அழிந்துபோகும். சேமிப்பு முழுவதையும் வீட்டாரின் ரூபாய்க் கணக்கில் குவிக்காதீர்கள். வெளிநாட்டில் உழைக்கிற இலங்கையர் தங்கள் பெயரிலேயே இலங்கை வங்கிகளில் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். வீட்டுச் செலவுக்குத் தேவையானதை அதிலிருந்து ரூபாயாக மாற்றிக் கொடுத்தால் போதும். தெரியாத பெயரில் காசு வந்தால் ஒரு சதமும் எடுக்க வேண்டாம், கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே உண்டியலில் அனுப்பியவர்கள் இந்தக் கிழமையே வீட்டாரை வங்கிக்கு அனுப்பி, ஸ்டேட்மென்டில் காசு போட்டவர் பெயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இதேபோலக் கணக்கு முடங்கி, திருப்பித் திறந்தவர்கள் யாராவது இருந்தால் எந்த ஆவணத்தைக் கொடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தங்கச்சியின் வழக்குக்கு அது தேவை.