சம்பளத்தைச் சொல்லலாமா, மூடி வைக்கலாமா?

காதுகுத்து வீட்டில் யார் எவ்வளவு மொய் வைத்தார் என்று மைக்கில் வாசித்தால் இந்தப் பக்கம் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே ஆள் திங்கட்கிழமை ஆபீசில் "உங்களுக்கு எவ்வளவுண்ணே?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது தம்பி" என்று நழுவிவிடுவோம். காரைக்குடியில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கெழுதும் எனக்கு, சொன்ன அனுபவமும் உண்டு, சொல்லாத அனுபவமும் உண்டு.

அரசு வேலையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எங்கள் ஊரில் இருக்கும் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் ஊதிய நிலை 10-ல் சேருபவரின் அடிப்படைச் சம்பளம் 56,100 என்று ஏழாவது ஊதியக் குழு அட்டவணையிலேயே இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி ஊழியர்களின் மாதச் சம்பளத்தை அலுவலகமே வெளியிடவும் வேண்டும். தனியாரில்தான் ஒரே மேஜை, ஒரே வேலை, ஆளுக்கொரு பேரம்.

வாயை மூடிக்கொண்டால் நிம்மதி, அதை மறுக்க முடியாது. பக்கத்து சீட்டுக்காரர் நம் மச்சானுக்குச் சகலையாக இருப்பார். சாயங்காலத்துக்குள் கைமாத்துக் கேட்டு ஆள் வந்துவிடும். ஆனால் ஆறு வருஷம் அப்படி இருந்த எனக்கு, புதிதாகச் சேர்ந்த தம்பி என்னைவிட 4,000 கூடுதலாக வாங்குவது, அவருடைய லோன் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. ஆண், பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. பக்கத்தில் இருப்பவர் வாங்குவது தெரியாமல் ஒரு பெண் எதை வைத்துக் கேட்பார்?

சரி, சொல்லிவிடலாம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். செக்காலை ரோட்டு டீக்கடையில் ஒருவர் 22,000 என்றார், இன்னொருவர் 18,000 என்றார். இரண்டாமவர் முகம் செத்துவிட்டது. ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தேன். இருவருக்குமே அடிப்படை 12,000, வீட்டு வாடகைப்படி 8,000. வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) 1,440, ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு (இ.எஸ்.ஐ.) 150 பிடித்தது போகக் கைக்கு வருவது 18,410. முதலாமவர் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 650 இரண்டையும் சேர்த்து 22,090 என்ற சி.டி.சி. கணக்கை, அதாவது ஓர் ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவைச் சொல்லியிருக்கிறார். ஒரே சம்பளத்துக்கு ஒரு மணி நேர மனக்கசப்பு!

அந்தக் காலத்தில் பர்மாவுக்கு மூன்று வருஷத் தவணையில் செட்டியார்களின் வட்டிக்கடை ஏஜெண்டாகப் போனவர்களுக்கே சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்த ஊர் இது. நமக்கு எதற்கு வாய்க்கணக்கு? நான் இப்போது ஊருக்கெல்லாம் சொல்வதில்லை. அதே வேலை, ஏறக்குறைய அதே அனுபவம் உள்ள ஒருவரிடம் மட்டும் ஸ்லிப்புக்கு ஸ்லிப் காட்டுவேன். அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சம்பள ரகசியம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். இன்னொன்று, கூடுதலாக வாங்குபவர் வாய் திறந்தால்தான் மற்றவருக்குப் பிரயோஜனம்.

அந்தத் தம்பியின் பெயரை நான் மேனேஜரிடம் எடுக்கவே இல்லை. "இந்த வேலைக்கு இப்போது வெளியே இவ்வளவு தருகிறார்களே சார்" என்று மட்டும் கேட்டேன். அடுத்த ஏப்ரலில் 2,500 ஏறியது. மிச்சம் 1,500 இன்னும் பாக்கி.