பிப்ரவரியில் எந்த ஊரில் விளக்கு எரிகிறது?

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் குடியேறலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது கையில் மூன்று ஊர்கள் இருந்தன. செனகா ஏரியின் தென்முனையில் வாட்கின்ஸ் க்ளென். அதே ஏரியின் வடமுனையில் ஜெனீவா. சுவிட்சர்லாந்துக்காரர்களின் ஜெனீவா இல்லை. பக்கத்தில் இருக்கும் கியூகா ஏரியின் தென்கோடியில் ஹாமண்ட்ஸ்போர்ட். எனக்கும் மனைவிக்கும் வீட்டிலிருந்தே வேலை, அதனால் எந்த ஊரும் சரிதான். அம்மா வருடத்தில் ஆறு மாதம் எங்களோடு இருப்பார். கடைசியில் ஜெனீவாவில் வீடு வாங்கினோம். இங்கே இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. நியூ ஜெர்சி நண்பர்கள் சிலர் இப்போது இதே யோசனையில் இருக்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஏரி, மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், சாலைக்குச் சாலை ஒயினரி. இது மூன்று ஊருக்கும் பொது. நியூ ஜெர்சியோடு பார்த்தால் வீட்டு விலை எங்குமே குறைவு. அதனால் இந்த இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது.

முதலில் எங்கள் மனம் போனது வாட்கின்ஸ் க்ளென் பக்கம்தான். யாருக்குமே அப்படித்தான் இருக்கும். ஊரின் நடுத்தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் பள்ளத்தாக்குப் பூங்காவின் வாசல் வந்துவிடும். பாறையைக் குடைந்து போட்ட படிகளில் ஏறிப் போகப் போக 19 அருவிகள். ஒன்றில் அருவிக்குப் பின்னாலேயே பாதை போகிறது. 1948ல் இந்த ஊர்த் தெருக்களிலேயே கார்ப் பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு மலைமேல் தனிப் பந்தயத் தளம் கட்டி, 1961 முதல் 1980 வரை அமெரிக்க கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் அங்கேதான் நடந்தது. இன்றும் நாஸ்கார் என்ற கார்ப் பந்தயம் நடக்கும் வார இறுதியில் ஊர் கொள்ளாத கூட்டம். கோடையில் ஒயின் திருவிழாவும் அதே தளத்தில்தான். ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு, இதைவிட வேறு ஊர் வேண்டுமா என்றுதான் நானும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது முறை பிப்ரவரியில் போனோம், ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். ஃபிராங்க்ளின் தெருவில் காரை நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கிய கடையின் கண்ணாடியில், வசந்தத்தில் சந்திப்போம் என்று கையால் எழுதிய அட்டை. அதன் ஓரம் வெயில் பட்டுச் சுருண்டிருந்தது. உள்ளே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்குப் பாதை பனிக்கட்டியும் பாறைச் சரிவும் காரணமாகக் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் தெருவும் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. "ஏம்ப்பா, ஊரே வெளியூர் போயிருக்கா?" என்று கேட்டார் அம்மா. அந்தக் கேள்விதான் எங்கள் முடிவைத் திருப்பியது.

ஊர் மொத்தமும் மூடிவிடுகிறது என்று நான் சொன்னால் அது பொய். பெரிய கடைகள் திறந்திருக்கும், சில உணவகங்களும் திறந்திருக்கும், ஏரிக்கரை உப்பு ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கும். கடை நடத்துபவர்கள் மேலும் குறையில்லை. மே முதல் அக்டோபர் வரை வரும் கூட்டத்தை வைத்துத்தான் வருடம் முழுக்க வாடகை கட்ட வேண்டும் என்றால் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நடத்துவார்கள். ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு இதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, கோடையில் ஊரின் நிகழ்ச்சிகளெல்லாம் வெளியே இருந்து வருபவர்களுக்காக நடக்கின்றன. அந்த நாட்களில் உள்ளூர்க்காரர் பால் வாங்கப் போவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும். இரண்டு, குளிர்காலத்தில் அக்கம்பக்கமே காலி. நாங்கள் பார்த்த ஒரு வீட்டின் இருபுறமும் விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வீடுகள். பிப்ரவரியில் இரண்டிலும் சன்னல் இருட்டு, வாசல் பனியில் காலடித் தடமே இல்லை. வீட்டைக் காட்டிய தரகர் இதை ஒரு சிறப்பாகச் சொன்னார்: "ரொம்ப அமைதியான தெரு." அம்மா ஆறு மாதம் இருக்கப்போகும் வீட்டுக்கு அந்த அமைதி வேண்டாம் என்று தோன்றியது.

ஜெனீவா அப்படி ஆகாததற்குத் தெளிவான காரணம் ஒன்று இருக்கிறது. ஊரில் ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரி இருக்கிறது. கல்லூரியின் நாட்காட்டியும் சுற்றுலாவின் நாட்காட்டியும் நேர் எதிர். ஒயின் பார்க்க வருகிறவர்கள் கிளம்பும் நேரத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் மே மாதம் ஊருக்குப் போனதும் படகுக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். காப்பிக்கடைக்கு இரண்டு பருவத்திலும் வியாபாரம் உண்டு. கூடவே பொது மருத்துவமனை, 1882 முதல் நடக்கும் விவசாய ஆய்வு நிலையம். இவை எதற்கும் ஆஃப் சீசன் கிடையாது. சுமார் 12,800 பேர் உள்ள ஊர். வாட்கின்ஸ் க்ளென்னில் இரண்டாயிரத்துக்கும் குறைவு, ஹாமண்ட்ஸ்போர்ட்டில் ஆயிரம்கூட இல்லை. இந்த வித்தியாசத்தை நாங்கள் உணர்ந்ததும் ஜனவரியில்தான்.

குளிர்காலத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஸ்மித் ஆபரா ஹவுஸ் என்று 1894ல் திறந்த அரங்கு ஒன்று ஊர் நடுவில் இருக்கிறது. நாற்றங்கால் வியாபாரத்தில் சம்பாதித்த வில்லியம் ஸ்மித் கட்டியது. கல்லூரியின் பெயரில் பாதியும் அவருடையதுதான். சினிமா, கச்சேரி, நாடகம் எல்லாம் அங்கே நடக்கும். அப்புறம் பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கி. கல்லூரியின் ஹோபார்ட் அணி 2023லும் 2024லும் கல்லூரி அணிகளுக்கான தேசிய மூன்றாம் பிரிவுக் கோப்பையை வென்ற அணி. அவர்களின் ஆட்டம் நடக்கும் ஊர்ப் பனித்தளத்துக்குப் போனால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். பல் மருத்துவர், தபால்காரர், கடையில் ரொட்டி எடுத்துக் கொடுக்கும் பெண், எல்லாரும் அங்கே இருப்பார்கள். அம்மாவுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. ஆனால் இரண்டாவது முறை போனபோது பின்வரிசைப் பாட்டி ஒருவர் அவருக்காக ஒரு போர்வை அதிகமாகக் கொண்டுவந்திருந்தார். வந்த முதல் மாதத்திலேயே இப்படி ஒரு பழக்கம் கிடைத்தது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஒயினரிகளும் குளிர்காலத்தில் வேறு மாதிரி. 1976ல் வந்த மாநிலச் சட்டம், சிறு தோட்டக்காரர்கள் தாங்களே ஒயின் செய்து வாசலிலேயே விற்கலாம் என்று வழி விட்டது. அதற்கு முன்னால் பெரிய நிறுவனங்களுக்குப் பழத்தை விற்பதைத் தவிர அவர்களுக்கு அதிக வழியில்லை. இன்று இப்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயினரிகள் இருப்பது அதனால்தான். கோடையில் அங்கே நின்று சுவைப்பதற்குக்கூட முன்பதிவு கேட்பார்கள். ஜனவரியில் நேரத்தைக் குறைத்துத் திறந்திருக்கும் இடங்களில், ஊற்றிக் கொடுப்பவரே நம்மோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். குடிக்காத அம்மாவுக்குத் திராட்சைச் சாறு. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை ஏன் இங்கே இவ்வளவு நன்றாக வருகிறது என்பதை நான் கற்றதெல்லாம் அந்த மேசைகளில்தான்.

ஜெனீவாவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே அகலமான நெடுஞ்சாலை ஒன்று போகிறது. வாட்கின்ஸ் க்ளென்னில் தெருவிலிருந்து அப்படியே படகுத்துறைக்கு நடந்துவிடும் சுகம் இங்கே இல்லை. அதைவிடப் பெரியது வீட்டு வரி. கல்லூரி, மருத்துவமனை, ஆய்வு நிலையம் எதுவும் சொத்து வரி கட்டாது, அந்தச் சுமை மற்ற வீடுகள்மேல் விழுகிறது. குளிர்காலத்தில் ஊரின் விளக்கை எரியவைப்பவர்களே நம் வரியையும் ஏற்றுகிறார்கள். முதல் வருட ரசீது வந்தபோது மனைவி அதை இரண்டு முறை படித்தாள். வாங்கப்போகிறவர்கள் வீட்டு விலையை மட்டும் பார்க்காமல் நகர வரி, பள்ளி வரி, கவுண்டி (மாவட்ட) வரி மூன்றையும் கேட்டு, பன்னிரண்டால் வகுத்து, மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். நாங்கள் சேர்த்துப் பார்த்த பிறகும் ஜெனீவாதான் சரி என்று தோன்றியது. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் எண்ணத்தில் வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு வாட்கின்ஸ் க்ளென் நல்லதாக இருக்கலாம். அந்த அனுபவம் எனக்கு இல்லை.

ஹாமண்ட்ஸ்போர்ட் பற்றிக் கொஞ்சம்தான் எழுத முடியும். மூன்று வார இறுதிகள் தங்கியிருக்கிறோம், மூன்றும் கோடை. மூன்று ஊரிலும் பார்க்க அழகானது அதுதான். நடுவில் சதுக்கம், அதில் இசைமேடை, சுற்றிலும் சின்னக் கடைகள். விமான முன்னோடி கிளென் கர்டிஸ் 1908 ஜூலை 4 அன்று ஜூன் பக் விமானத்தை ஓட்டிக் காட்டியது இந்த ஊரில். ப்ளெசன்ட் வேலி ஒயின் நிறுவனம் 1860ல் தொடங்கியதும் இங்கேதான். உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க் என்பவர் முதலில் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் களை கொத்தும் வேலையில் இருந்தார். ஐரோப்பியத் திராட்சை இந்தக் குளிரில் பிழைக்காது என்று எல்லாரும் சொன்னபோது பிழைக்கும் என்று விடாமல் சொன்னார். 1962ல் கியூகா கரையில் சொந்த ஒயினரி தொடங்கி அதை நிரூபித்தும் காட்டினார். இவ்வளவு இருந்தும், வாரச் சாமானுக்கு பாத் ஊர் வரை ஓட்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தடையாகிவிட்டது. அங்கே குளிர்காலம் கழித்தவர் யாராவது சொன்னால் அதை என் பேச்சைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மக்களுக்கு ஒரு தகவல். நம் ஊர் மளிகைக்கு ஜெனீவாவிலிருந்து ராச்செஸ்டர் நகரம் ஒரு மணி நேரம். இலங்கைத் தமிழ் குரு ஒருவர் நிறுவிய ராஜராஜேஸ்வரி பீடம் என்ற கோயில் ரஷ் என்ற ஊரில் இருக்கிறது, அதுவும் சுமார் அவ்வளவுதான். வாட்கின்ஸ் க்ளென்னிலிருந்து இரண்டுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். போன மாதம் கடுங்குளிர் விட்டதும் ஒரு பை நிறையக் கொடிக் குச்சிகளைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் பரப்பினார். சவர பிளேடால் ஒவ்வொரு மொட்டையும் மெல்லிசாகச் சீவுகிறார். ஒரு மொட்டுக்குள் மூன்று மொட்டு. நடுவில் இருப்பது பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. இரண்டாவது மொட்டு கொஞ்சம்தான் காய்க்கும், மூன்றாவதில் பெரிதாக ஒன்றும் வராது. எத்தனை செத்திருக்கிறது என்று எண்ணி, அதற்குத் தக்கபடி கவாத்தில் எத்தனை மொட்டு விடுவது என்று முடிவு செய்வார்களாம். 600 அடிக்கு மேல் ஆழமான ஏரி அவ்வளவு லேசில் உறையாது, அதன் சூடுதான் கரைச்சரிவைக் காக்கிறது என்றார். 2023 மே 18 அன்று விழுந்த உறைபனியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பிளேடைக் கீழே வைத்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, பச்சையை ஒரு பக்கமும் பழுப்பை ஒரு பக்கமும் பிரித்து வைத்தார்.

மே மாதம் பள்ளத்தாக்குப் பாதை திறந்ததும் வாட்கின்ஸ் க்ளென் போவோம். ஏரியை ஒட்டி 14ஆம் எண் சாலையில் முக்கால் மணி நேரம். அருவி பார்த்துவிட்டு, அந்த ஐஸ்கிரீம் கடையில் நின்று, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.