ரைன் கரைத் தோட்டத்தில் ஒரு பனை: போர்வையா, கேபிளா, பெட்டியா, தொட்டியா?

ஜெர்மனியில் ரைன் நதியை ஒட்டிய நகரங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் தமிழருக்கு, முற்றத்தில் ஒரு பனை நிற்க வேண்டும் என்ற ஆசை என்றாவது ஒருநாள் வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பனையும் தென்னையும் அங்கே திறந்த வெளியில் முதல் குளிர்காலத்தையே தாண்டமாட்டா. அந்த இடத்தை நிரப்புவது டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சுனி என்னும் சீனத்துப் பனை. 1849ஆம் ஆண்டில் தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவின் சூசான் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய மரம் இதுதான். தண்டு முழுவதையும் பன்னாடை போன்ற பழுப்பு நார் சுற்றியிருப்பதால் ஜெர்மானியர் இதனை ‘ஹான்ஃப்பால்மே’, அதாவது சணல்நார்ப் பனை என்கின்றனர். நன்கு வேரூன்றிய மரம் ஏறக்குறைய -12 டிகிரி வரை பெரிய சேதமின்றித் தாங்கும். குறுகிய நேரத்துக்கு -15 டிகிரியையும் தாண்டிப் பிழைத்துக்கொள்வதுண்டு. வடலிப் பருவத்தில் இருப்பதற்கும், நட்டு ஓராண்டுகூட ஆகாததற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

எந்தக் காப்பு சிறந்தது என்று கேட்பதற்கு முன், குளிரில் பனையின் எந்த உறுப்பு சாகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆப்பிள் மரத்தில் ஒரு கிளை கருகினால் வேறொரு மொட்டிலிருந்து அது துளிர்த்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு அந்த வசதி இல்லை. உச்சியில் ஒரே குருத்து, அதன் அடியில் ஒரே வளர்முனை, அது போனால் மரமே போய்விடும். தென்னையில் குருத்தழுகல் நோயைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓலைகள் கருகுவது கண்ணுக்கு வருத்தமே தவிர மரத்துக்கு மரணமன்று. குருத்துக்குள் மழைநீர் இறங்கித் தங்கி, இரவில் உறைந்து பகலில் இளகி, இப்படிப் பலமுறை நிகழ்ந்து திசுக்கள் சிதைந்தபின் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே புகுவதே பெரும்பாலான பனைகளின் முடிவு. ஆகவே வெப்பமானி காட்டும் மிகக் குறைந்த எண்ணை மட்டும் பார்த்துக் காப்பைத் தேர்ந்தெடுப்பது தவறு. குளிர் எத்தனை நாள் நீடித்தது, குருத்து நனைந்திருந்ததா, வேர்மண் உறைந்ததா என்பவையும் அதே அளவுக்கு முக்கியமானவை. உலர்ந்த குருத்தோடு ஓர் இரவின் -12 டிகிரியைத் தாண்டிய மரம், நனைந்த குருத்தோடு ஒரு வாரம் -7 டிகிரியில் நின்று வசந்தத்தில் படுத்துவிடுவதுண்டு.

முதல் வழியான போர்வையை எல்லாரும் அறிவர். ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, செடிகளை மூடப் பயன்படும் காற்றுப் புகும் வெள்ளை ஃப்ளீஸ் துணியாலும் நாணல் தட்டியாலும் தென்னை நார்ப் பாயாலும் சுற்றுவது. செலவு குறைவு, ஒரு பிற்பகலில் முடியும் வேலை. ஆனால் நாம் கம்பளி போர்த்திக்கொள்ளும்போது கதகதப்பைத் தருவது கம்பளியன்று, நம் உடம்பு. பனைக்கு அப்படிச் சொல்லத்தக்க உடற்சூடு இல்லை. போர்வை குளிர் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும், காற்றைத் தடுக்கும், மண்ணிலிருந்து எழும் சிறு வெப்பத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவே. இரவில் -8 டிகிரியாகி மறுநாள் பகலில் உறைநிலைக்கு மேலே ஏறிவிடும் குளிருக்கு இது போதும். 2012 பிப்ரவரியில் நேர்ந்ததுபோல இரண்டு வாரம் வரை பகலிலும் உறைநிலை விலகாத குளிர் வந்தால், மூன்றாம் நாளிலேயே போர்வைக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பம் ஒன்றாகிவிடும். அதைவிடப் பெரிய குறை ஈரம். என் முதல் பனையை நவம்பரிலேயே பபிள் ராப்பால் இறுகச் சுற்றி, மார்ச் வரை திறவாமல் வைத்திருந்தேன். அந்தக் குளிர்காலம் மிதமாகவே இருந்தது. அவிழ்த்தபோது குருத்து புளித்த வாடையோடு கையோடு வந்தது. அதைக் கொன்றது குளிரன்று, என் அக்கறை. போர்வை வேண்டுமானால் காற்றுப் புகும் துணியாக இருக்கட்டும். கடுங்குளிர் அறிவிக்கப்பட்டபின் கட்டி, அது விலகியதும் அவிழ்க்க வேண்டும்.

இரண்டாவது, ஹீட்டிங் கேபிள், அதாவது மின்சாரத்தால் சூடேறும் கம்பி. தண்டின் மேற்பகுதியிலும் மட்டைகளின் அடியிலும் கேபிளைத் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் ஃப்ளீஸ் போர்த்தி, வெப்பநிலைக்கேற்பத் தானாக இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைப்பது. போர்வைக்கு இல்லாத உடற்சூட்டை இது கொடுக்கிறது என்பதால், நீடித்த உறைகுளிரில் இந்த இரண்டுக்கும் இடையில் போட்டியே இல்லை. மின்கட்டணத்தை எண்ணி அஞ்சுபவர்களுக்கு ஒரு கணக்கு: 150 வாட் கேபிள் நாள் முழுவதும் எரிந்தால் 3.6 யூனிட், யூனிட்டுக்கு 35 சென்ட் என்று கொண்டால் நாளொன்றுக்கு 1 யூரோ 26 சென்ட். பத்து நாள் கடுங்குளிர் வந்தாலும் 13 யூரோவைத் தாண்டாது. பணம் வீணாவது வேறு இடத்தில்: கடைகளில் கிடைக்கும் எளிய உறைபனித் தெர்மோஸ்டாட்டுகள் பல, உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே கேபிளை இயக்கிவிடும். இந்தப் பனைக்கு அது தேவையில்லாத சூடு. குளிர்காலம் முழுவதும் அரைத் தூக்கத்தில் வைத்துக் குருத்தை இளக்கவும் செய்யும். -5 டிகிரி அளவில் இயங்குமாறு மாற்றி அமைக்கக்கூடியதை வாங்கி, உணரியைக் குருத்துக்கு அருகில் வைப்பதே முறை. வெளிப்புறப் பயன்பாட்டுக்கு ஏற்ற கேபிளும், கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இன்றி இந்த வழியில் இறங்கவே கூடாது. உலர்ந்த நாரும் துணியும் தீக்கு எளிய இரை. பழைய நூல்களைப் பார்த்து, சிறு பல்புகள் வரிசையாகப் பதித்த வளையும் ஒளிக்குழாயைச் சுற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்றைய குழாய்களில் சூடேறும் இழைபல்புகள் இருந்தன, இன்றைய எல்இடி குழாய் பனையை அழகாக்குமே தவிரக் காப்பாற்றாது.

மூன்றாவது வழி, மரத்தைச் சுற்றிச் சட்டமடித்து, ஒளி புகும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் தகடுகளால் பெட்டி கட்டி, உள்ளே சிறு ஹீட்டர் வைப்பது. ஜெர்மனியின் தெற்கு எல்லையிலுள்ள போடன் ஏரியின் மைனாவ் தீவில் பனைகளைக் கண்ணாடி மண்டபத்துக்குள் வைத்துக் காப்பதன் வீட்டு வடிவம் என்று இதைச் சொல்லலாம். காப்பின் அளவில் இதுவே முதலிடம். -8 டிகிரியிலேயே உயிருக்குப் போராடும் கானரித் தீவுப் பேரீச்சையைக்கூட இப்படிக் காப்பாற்றுபவர்கள் உண்டு. ஆனால் பிப்ரவரியின் தெளிந்த வெயிலில் பெட்டிக்குள் 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பகலில் திறந்து மாலையில் மூட ஆள் வேண்டும். மரம் ஆண்டுதோறும் உயரும், பெட்டி உயராது. டிராக்கிகார்பஸுக்கு இத்தனை ஏற்பாடு என் பார்வையில் மிகை.

தொட்டியில் வளர்த்து உள்ளே கொண்டுவருவது நான்காவது. தொட்டியின் வேர்களை எல்லாப் பக்கமிருந்தும் குளிர் தாக்கும் என்பதால், தரையில் நிற்கும் மரத்தைவிட இதற்குத் தாங்கும் திறன் குறைவு. உள்ளே வைப்பதானால் 5 முதல் 10 டிகிரி வரையுள்ள, வெளிச்சமான மாடிப்படி ஓரமோ குளிர்ந்த அறையோ ஏற்றது. சூடேற்றிய வரவேற்பறையில் சிலந்திப்பேன் ஓலைகளைத் தின்றுவிடும். நான்கைந்து ஆண்டுகளில் தொட்டியைத் தூக்க இருவர் போதமாட்டார்கள்.

இந்த நான்கோடும் ஒப்பிடாமல் பலர் விட்டுவிடும் ஒன்று, வெறும் மழைக்கூரை. நான்கு கழிகள் நட்டு, குருத்துக்கு மேலே ஒளி புகும் ஒரு தகட்டைச் சாய்வாகப் பொருத்தி, பக்கங்களைத் திறந்தே விடுவது. அடியில் இலைச்சருகையோ மரப்பட்டைத் துண்டுகளையோ 20 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவது. மண் உறைந்தால் வேர் நீரை எடுக்க முடியாது. ஓலைகளோ வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். சருகு மூடாக்கு இந்த வறட்சியைத் தள்ளிப்போடுகிறது. உறைவு இளகும் நாட்களில் ஒரு வாளி நீரும் ஊற்றலாம். ரைன் கரையின் வழக்கமான குளிர்காலத்துக்கு, வளர்ந்த மரமாக இருந்தால், நான் கூரையையும் மூடாக்கையும் மட்டுமே வைக்கிறேன். வானிலை அறிக்கை -10 டிகிரியைச் சொல்லும் வாரத்தில் கேபிளும் ஃப்ளீஸும் ஏறும், வாரம் கழிந்ததும் இறங்கும். ரைன் கரையைவிடக் குளிரான பவேரியாவின் மேட்டு நிலத்தில் இருப்பவர் கேபிளை டிசம்பரிலேயே சுற்றி வைத்துவிட வேண்டும். கானரிப் பேரீச்சை வேண்டுமென்பவர் அதைத் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது மேல். (சுவிட்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழைய மரங்களுக்கே பொருந்தும், அந்நாட்டின் தென்பகுதியான டிச்சினோவின் காடுகளில் தானாகப் பரவிவிட்டதால் 2024 செப்டம்பர் 1 முதல் அங்கே டிராக்கிகார்பஸ் விற்பனைக்குத் தடை உள்ளது. ஏற்கெனவே நிற்பவற்றின் பூங்குலைகளை விதை முற்றுமுன் வெட்டிவிடுவது நல்லது.)

எந்த வழியைக் கையாண்டாலும், மார்ச்சில் குருத்தின் குறுக்கே, பக்கத்து மட்டையையும் சேர்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூன்று வாரத்தில் குருத்தின் கோடு மேலே விலகியிருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. விலகாவிட்டால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தாலும் மரத்தை உடனே பிடுங்கிவிட வேண்டாம். அழுகியதை நீக்கி, குழியை உலரவிட்டு, மழை இறங்காமல் மேலே மூடி வைத்தால், வளர்முனை தப்பியிருக்கும்பட்சத்தில் கோடையில் அதே குழியிலிருந்து ஒரு குட்டையான, நுனி கத்தரித்ததுபோன்ற ஓலை வெளிவரும்.