'பணி' எங்கிருந்து வந்தது? தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு: ஒரு மதிப்புரை

சொல்லின் மூலம் தேடுகிறவர் முதலில் திறக்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனைத்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அன்றாடம் புழங்கும் 'பணி'யைப் போட்டுப் பார்த்தாலே இதன் பலமும் வில்லங்கமும் தெரிந்துவிடும்.

பணி என்றால் வேலை, கட்டளை, அணிகலன், பாம்பும்கூட. பாம்பு வேறு வழியில் வந்தது: வடமொழியில் பாம்பின் படத்தைக் குறிக்கும் 'பணா'வோடு சேர்ந்தது. ஒரே எழுத்தில் இருக்கும் இப்படிப்பட்ட சொற்களை லெக்சிகன் எண் கொடுத்துப் பிரிக்கும். முதல் பதிவோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்தோம்.

வினைகளை '-தல்', '-த்தல்' என்று பிரித்து, பக்கத்தில் வினை எந்த வகையில் இறந்தகாலம் ஏற்கும் என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 4 என்றால் பணிந்தான். 11 என்றால் பணித்தான். ஒருவர் பணிக்க இன்னொருவர் பணிவதுதான் பணி என்று அலுவலகம் போகிறவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது குறியீடுகள். '<' என்ற குறி, சொல் எதிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். சதுர அடைப்புக்குள் இருப்பவை இனமொழிச் சொற்கள். அங்கே மலையாளம் இருந்தால் மலையாளத்திலிருந்து கடன் வாங்கினோம் என்று பொருளல்ல. மலையாளத்தில் 'பணி', தெலுங்கில் 'பனி' என்றிருப்பது உறவைத்தான் காட்டுகிறது. இதை உறுதிசெய்ய அதே தளத்திலுள்ள பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் (இரண்டாம் பதிப்பு, 1984) பார்த்துவிடுங்கள்.

தேடும்போது வேற்றுமை உருபையும் பன்மை விகுதியையும் கழற்றிவிட வேண்டும். 'பணியை', 'பணிகள்' என்று போட்டால் கைவிரிக்கும். தென்மாவட்டத்துச் 'சோலி' (வேலை) மாதிரியான சொல்லை 'ஜோலி' என்றும் போட்டுப் பாருங்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் அது 'ஜோலி'தான். பதிவில் வட்டாரக் குறி இருந்தால் அது பொதுவழக்கு அல்ல என்று கொள்ளுங்கள்.

பெரிய குறை, காலம். பணிநீக்கம், பணிக்கொடை போன்ற இன்றைய ஆட்சிச் சொற்களை 1936இல் முடிந்த அகராதியில் தேடுவது நம் தவறு. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (மூன்றாம் பதிப்பு, 2020) வாங்கலாம்: எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உண்டு, இலங்கை வழக்கும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதில் சொற்பிறப்பு கிடையாது. மூலம் தெரிய லெக்சிகனுக்கே திரும்ப வேண்டும்.