பழைய கோப்பு திரும்ப வராமல் தடுக்க: டைம்ஸ்டாம்பா, இ-டேகா, ஹாஷ் பெயரா?

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகும். அந்த நேர அட்டவணையை ஒரு ஜேசான் கோப்பில் (தரவை எழுத்தாக எழுதிவைக்கும் ஒரு வடிவம்) வைத்துச் செயலி வழியாகத் தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் நேரத்தை மாற்றியாகிவிட்டது. ஆனால் சிலர் கைபேசியில் பழைய நேரமே நிற்கிறது. குழந்தைகளோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

முன்பு இறங்கிய கோப்பின் பிரதியை மறுபடி தருவதற்காக வைத்திருக்கும் இடம்தான் கேஷ். அந்தப் பிரதியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரை (கோப்போடு வரும் குறிப்பு) சர்வர் அனுப்பாவிட்டால், கோப்பை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதைக் கேஷே ஊகித்துக்கொள்ளும். கோப்பு மாறி 10 நாள் ஆகியிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு நாள் முழுக்க அதையே புதியது என்று கொள்வது வழக்கம். ஆண்ட்ராய்டில் சர்வரிடமிருந்து கோப்புகளை வாங்கித் தரும் நிரல் தொகுப்பான ஓகே-எச்டிடிபிக்குக் கேஷ் கொடுத்திருந்தால் அதுவும் இதே கணக்கைத்தான் போடும்.

பலரும் முதலில் எடுப்பது டைம்ஸ்டாம்ப். முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு அந்த நொடியின் எண்ணைச் சேர்த்தால், கேஷுக்கு அது புது முகவரி. வேலை உடனே முடிகிறது, சரி. ஆனால் கோப்பு மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் முழுதாக இறங்கும். மூல சர்வருக்கு முன்னால் நின்று பிரதிகளைத் தரும் இடைச் சர்வர்களைச் சிடிஎன் என்பார்கள். முகவரியின் அந்த வாலையும் சேர்த்துப் பார்க்கும் சிடிஎன் என்றால் அதனாலும் பயனில்லை: கூட்டம் சேரும் நேரத்தில் அத்தனை கைபேசிகளும் மூல சர்வரில் வந்து மோதும். ஐபோனில் உள்ளூர் கேஷைத் தாண்டிப் போகும்படி, அங்கே கோப்புகளை வாங்கித் தரும் யூஆர்எல்செஷனிடமே சொல்லலாம். இது இன்னும் சுத்தமான வழி, ஆனாலும் முழு இறக்கம்தான்.

என் ஓட்டு இ-டேகுக்கு. சர்வர் கோப்போடு ஓர் அடையாளக் குறியை அனுப்பும். அடுத்த முறை செயலி அதைத் திருப்பிக் காட்டும். எதுவும் மாறவில்லை என்றால் 304 என்ற சிறு பதில் மட்டும் வரும், கோப்பு வராது. கூடவே கேஷ்-கன்ட்ரோலில் நோ-கேஷ் போட வேண்டும்: பிரதியை வைத்துக்கொள், பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் கேள் என்பது அதன் பொருள். இங்கே நோ-ஸ்டோர் போட்டால் பிரதியே தங்காது, 304-க்கும் வழியில்லை. குறை என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு தடவை சர்வரிடம் போய்வர வேண்டும். நெரிசலில் சிக்னல் போனால் அதுவும் நடக்காது. அதனால் கடைசிப் பிரதியைச் செயலி தனியாகச் சேமித்து, அது எப்போது வந்தது என்பதையும் திரையில் காட்டட்டும்.

வரைபடம், படங்களுக்கு ஹாஷ் பெயர் நல்லது, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியைப் பெயரில் சேர்ப்பது. உள்ளடக்கம் மாறினால் கோப்பின் பெயரே மாறும். அதனால் கேஷ்-கன்ட்ரோலில் மேக்ஸ்-ஏஜ் (பிரதியைக் கேட்காமலே நம்பக்கூடிய காலம்) ஓராண்டு தரலாம். ஆனால் புதுப் பெயரைச் செயலிக்கு யார் சொல்வது? அதற்கொரு சிறு பட்டியல் கோப்பு வேண்டும், அதை இ-டேக் காக்க வேண்டும்.

சர்வர் நம் கையில் இல்லாதபோது மட்டும் டைம்ஸ்டாம்புக்குப் போகலாம். அப்போதும் நொடி வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் எண் போதும். அந்த ஐந்து நிமிடமும் எல்லாக் கைபேசிகளும் ஒரே முகவரியைக் கேட்கும். சிடிஎன் தன் பிரதியிலிருந்தே கொடுத்துவிட முடியும்.