உமி உலைக்கு எந்த வார்ப்பிரும்பு?

இலங்கையின் சம்மாந்துறைப் பக்கத்தில் நெல் அவிக்கும் உமி உலைகளின் கம்பித்தட்டை மாற்றுவோர், உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்பின் (கரி சிறு உருண்டைகளாக அமைந்த வார்ப்பிரும்பு) வெப்பந்தாங்கும் இரு வகைகளை ஒப்பிட வேண்டும்.

நுண்ணமைப்பு: சிலிக்கன்–மொலிப்டினம் வகையில் 4 முதல் 5 சதவீதச் சிலிக்கன் கலந்த ஃபெரைட் (இரும்பின் ஒரு படிக வடிவம்) தளம்; டி5எஸ் எனும் தரப்பெயருள்ள நிக்கல் வகையில், ஏறத்தாழ 35 சதவீத நிக்கலால் அறை வெப்பநிலையிலும் நிலைக்கும் ஒஸ்டெனைட் (இரும்பின் மற்றொரு படிக வடிவம்).

முறிவு: தெரிவில் சூட்டோடு இதையும் பார்க்க வேண்டும். சிலிக்கன் ஃபெரைட்டை விறைப்பாக்குவதால், முதல் வகை கடுஞ்சூட்டில் நீண்டுகொடுத்தாலும், ஆறிய நிலையில் சுத்தியலடி பட்டால் படிகத் தளங்கள் வழியே சட்டெனப் பிளந்துவிடும். ஏறத்தாழ 400 பாகை செல்சியஸிலும் அதன் நீட்சி குறையக்கூடும். நிக்கல் வகையோ குளிரிலும் இழுபட்டே முறியும்.

விலை: நிக்கல் வகை மிக அதிகம்.

தட்டின் சூடு 800 பாகைக்குள் நின்றால் முதல் வகையே போதும், ஆனால் இறுகிய சாம்பற்கட்டியை ஆறிய கம்பியில் அடித்து உடைக்கக்கூடாது. 900 பாகையை எட்டும் உலைக்கு நிக்கல் வகையே தகும்.